இரண்டு வீட்டிலும் சாப்பிட்டவர்

நம் ஆட்களிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், பசியில் கண் இருண்டிருந்தாலும் "ஆச்சு" என்பார்கள். அவர் இதற்கு நேர்மாறு. வயிறு முட்ட உண்டுவிட்டு வந்திருந்தாலும் "இன்னும் இல்லம்மா" என்பார். சொன்னதோடு நிற்காமல், கேட்ட வீட்டில் உட்கார்ந்து, இலையில் வைத்ததை மிச்சமில்லாமல் உண்டு முடிப்பார். யார் சமையலையும் மறுத்து அவர் எழுந்ததை நான் பார்த்ததே இல்லை.

கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் அவர் வீடு. போர்ட் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில், எந்த லோரி எந்தச் சரக்கை ஏற்றிக்கொண்டு எங்கே போக வேண்டும் என்று தீர்மானித்து அனுப்பும் கிராணியாக வேலை பார்த்தார். எனக்கு அவர் மாமா. உறவினால் அல்ல, எதிர் வீட்டுக்காரர் என்பதால். நான் பட்டம் வாங்கி வேலைக்குப் போன பிறகும் அவருக்கு நான் "பாப்பா"தான்.

ஒரு தீபாவளியன்று பக்கத்து வீட்டிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். விரல்களில் ஆட்டுக்கறிக் குழம்பின் மணம் இன்னும் போகவில்லை. என் அம்மா வேண்டுமென்றே கேட்டார்.

"அங்க கறி சமைச்சிருந்தாங்களே அண்ணே, சாப்பிடலையா?"

"எங்கம்மா, கலர் தண்ணி ஒரு வாய் குடிச்சேன். உங்க வீட்டுச் சாப்பாடு இருக்கையில அங்க எப்படிக் கை நனைக்கிறது?"

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பரிமாறினார். அவரும் வியர்க்க வியர்க்க உண்டார். அவர் போன பிறகு அம்மா சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "அவரு வயித்துக்கு மட்டும் வாய் இருந்தா இந்நேரம் கோர்ட்டுக்குப் போயிருக்கும்."

அவர் தலைமுடி எப்போதும் ஒட்ட வெட்டப்பட்டிருக்கும். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. எங்கள் சாலையில் இரண்டு முடிதிருத்தும் கடைகள் இருந்தன. ஒன்றில் வெட்டிக்கொண்டு வரும்போது மற்றவர் கடை வாசலில் நின்று, "என்ன அண்ணே, நம்மள மறந்துட்டீங்களா?" என்பார். அடுத்த வாரமே இவர் அங்கேயும் போய்த் தலையைக் கொடுத்துவிடுவார். வளர்வதற்கு முடிக்கு அவகாசமே கிடைத்ததில்லை.

ஒரே நாளில், ஒரே முகூர்த்தத்தில், கிள்ளானில் ஒரு கல்யாணமும் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணமும் வந்தன. கிள்ளானில் தாலி கட்டியதும் அட்சதையைப் போட்டுவிட்டு, கோலாலம்பூருக்குப் போகும் கம்பெனி லோரியில் ஏறிக்கொண்டார். பிரிக்பீல்ட்ஸில் இறங்கியதும் நெற்றிச் சந்தனத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அந்த மண்டபத்துச் சந்தனத்தைப் புதிதாக இட்டுக்கொண்டார். லோரி டிரைவர் இந்தக் கதையைப் பல வருடங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "பொண்ணோட அப்பா வந்து இவரு கையப் பிடிச்சுக்கிட்டு, அங்க போகாம இங்க வந்தீங்களேன்னு அழறாரு. இவரும் சேர்ந்து கண்ணக் கசக்குறாரு லா."

பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் இவற்றையெல்லாம் நான் பாசாங்கு என்று மதிப்பிட்டேன். யாருடைய பக்கத்திலும் உண்மையாக நிற்காதவர் என்று வீட்டில் வாதிட்டதும் உண்டு. பிறகுதான், அவரால் தாங்க முடியாத ஒரே காட்சி எது என்று எனக்குப் புரிந்தது: எதிரில் இருப்பவரின் முகம் வாடுவது. அதைத் தவிர்க்க அவர் வயிற்றைக் கொடுத்தார், தலைமுடியைக் கொடுத்தார். சின்னச் சின்னப் பொய்களையும் தயங்காமல் கொடுத்தார். அந்தப் பொய்களால் யாருக்கும் நஷ்டம் வந்ததாக அதுவரை நாங்கள் அறியவில்லை.

அவருக்கு இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாது. இந்தச் சித்திரத்தை நான் எழுதுவதே அதனால்தான்.

முதலாமவர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த பெரியவர். மாமாவின் மூன்று பிள்ளைகளின் காய்ச்சலையும் மனைவியின் பிரசவங்களையும் பார்த்தவர். கிள்ளானுக்குக் குடிவந்த பிறகும் மாமா பஸ் ஏறி அங்கே போய்வந்தார். இரண்டாமவர் மாமாவின் இறந்துபோன சிநேகிதர் ஒருவரின் மகன். கிள்ளானில் புதிதாகக் கிளினிக் திறந்திருந்தார். திறப்பு விழாவன்று, "மாமா, நீங்க இனிமே நம்மகிட்டதான் வரணும்" என்று அந்தத் தம்பி சொல்ல, மாமா "வேற எங்க தம்பி போகப் போறேன்?" என்று சொல்லிவிட்டார். சொன்ன வார்த்தைக்காக அங்கேயும் போகத் தொடங்கினார். பெரியவரிடம் போவதை நிறுத்தவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்குச் சிறுநீர் தடைபடத் தொடங்கியது. இதை அவர் பெரியவரிடம்தான் சொன்னார். பெரியவர் பழைய முறைக்காரர். ஆசனவாய் வழியே விரலால் சோதித்துப் பார்த்து, புரோஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது, கெட்டதாகத் தெரியவில்லை என்று சொல்லி, அப்போது புதிதாக வந்திருந்த ஒரு மாத்திரையைக் கொடுத்தார். வீங்கிய புரோஸ்டேட்டைச் சுருக்கும் மாத்திரை. ரத்தமும் பார்த்துவிட வேண்டும் என்றார்.

கிள்ளான் தம்பியிடம் இந்த உபாதையை அவர் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் வயதைக் கணக்கில் கொண்டு தம்பியே கேட்டார். விரலால் சோதிக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். சின்ன வயதில் தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்துமலைக் கோயில் படி ஏறியவரைப் படுக்கையில் திரும்பிப் படுக்கச் சொல்ல அந்தப் பிள்ளைக்கு நா எழவில்லை. மாமாவும் "அடுத்த தடவை பாத்துக்கலாம் தம்பி" என்று தப்பித்தார். இருவரின் கூச்சத்துக்கும் ரத்தப் பரிசோதனை வழி காட்டியது. கையை நீட்டினால் போதும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூட வேண்டியதில்லை.

அப்படித்தான் அவர் நான் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். உயிர்வேதியியல் படித்துவிட்டுக் கிள்ளானில் ஒரு தனியார் கூடத்தில் நான் சேர்ந்திருந்த காலம் அது. புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு கசிந்திருக்கிறது என்பதை அளக்கும் பி.எஸ்.ஏ. பரிசோதனை எங்கள் வட்டாரத்துக்கு அப்போதுதான் பழக்கமாகிக்கொண்டிருந்தது. நான்கு என்பதை எல்லைக்கோடாக வைத்திருந்தோம். அதற்கு மேலே போனால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை; மேலும் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். கீழே இருந்தால் புற்றுநோய் இல்லை என்று உத்தரவாதமும் இல்லை. ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் காதில் வாங்குவதில்லை.

"மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா மாமா?" என்று கேட்டேன். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான்.

"டாக்டர் குடுக்கிற பிரஷர் மாத்திரைதான் பாப்பா. வேற என்ன?"

கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அன்று அவர் பாசார் கடையிலிருந்து குவே பலகாரம் வாங்கி வந்திருந்தார். முடிவு மூன்றை ஒட்டி வந்தது. தம்பி மகிழ்ந்தார். பிரிக்பீல்ட்ஸ் பெரியவர் அடுத்த முறை "ரத்தம் பாத்தீங்களா?" என்று கேட்டபோது, "பாத்தாச்சு டாக்டர், எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னாங்க" என்றார் மாமா. அதுவும் பொய்யில்லை. யார் சொன்னார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டார். பெரியவரும் மகிழ்ந்தார். இப்படி ஒவ்வொரு வருடமும் இரண்டு டாக்டர்களின் முகமும் மலர்ந்தன.

அந்த மாத்திரையைத் தொடர்ந்து உண்பவர்களுக்கு ரத்தத்தில் இந்தப் புரதத்தின் அளவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். புற்றுநோய் இருந்தாலும் குறையும். மாத்திரை உண்பது தெரிந்தால் மருத்துவர் அந்த எண்ணை இரட்டிப்பாக்கி வாசிப்பார். தெரியாதவர் அச்சிட்ட எண்ணை அப்படியே வாசிப்பார். எங்கள் கருவி சொன்னது சரியான எண். அந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்ல வேண்டிய செய்தி மட்டும் பிரிக்பீல்ட்ஸில் இருந்தது.

முதுகு வலி வந்தபோது வாயு என்றார். வலி இடுப்புக்கு இறங்கியபோது, வேலை பார்த்த காலத்தில் லோரிப் பலகைகளில் ஏறி இறங்கியதன் பலன் என்றார். வலிக்கு இரண்டு டாக்டர்களிடமும் தனித்தனியே தைலம் வாங்கித் தேய்த்துக்கொண்டார். ஒரு காலையில் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. அரசாங்க மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். புரோஸ்டேட்டில் தொடங்கியது எலும்புக்குள் வெகுதூரம் போயிருந்தது.

சில நாட்களில் வீட்டுக்கு அனுப்பினார்கள். பார்க்கப் போனேன். அவர் மனைவியை நான் அத்தை என்பேன். மாத்திரைகளை இரண்டு கிண்ணங்களில் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"இது கிள்ளான் தம்பி குடுத்தது, காலைக்கு. இது பிரிக்பீல்ட்ஸ் டாக்டர் குடுத்தது, ராத்திரிக்கு. ஆஸ்பத்திரி மருந்து தனி" என்றார் அத்தை. பிறகு கையை நிறுத்தினார். "ரெண்டு டாக்டர் பாத்தாங்க பாப்பா. ஊருல ஒருத்தருக்கு ஒரு டாக்டர்தான். இவருக்கு ரெண்டு. நான் தைரியமாத்தான் இருந்தேன். அப்பறம் எப்படி?"

இரவுக் கிண்ணத்தில் இருந்ததைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கான பதில் என் உள்ளங்கையில் இருந்தது. அத்தையிடம் அதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

மாமா படுத்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன கண்டுபிடித்தேன் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அத்தை உள்ளே போனதும் அருகில் கூப்பிட்டார்.

"அந்த மாத்திரையால ஏதும் கோளாறா பாப்பா?"

முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன்.

"தம்பிகிட்ட சொல்லிடாத."

"மாமா, அவரு பாவம், தினம் யோசிச்சிக்கிட்டு இருக்காரு. எங்க தப்பு நடந்துச்சுன்னு."

"நான் வேற டாக்டர்கிட்ட போனேன்னு தெரிஞ்சா அவன் முகத்த நான் எப்படிப் பாக்கிறது? அவங்க அப்பா இருந்தா என்ன நினைப்பாரு? பெரியவருக்குத் தெரிஞ்சா, அவரு குடுத்த மருந்தாலதான் இப்படின்னு நினைச்சுக்குவாரு. வயசானவரு, தாங்க மாட்டாரு. நான் போனப்பறம் நீ என்னமோ பண்ணிக்க. இப்ப வேணாம்மா."

சாகப்போகிறவரின் வேண்டுகோள்தானே என்று மதித்துவிட்டுப் போவது எளிதாகவே இருந்திருக்கும், அந்தத் தம்பி எங்கள் கூடத்துக்கு வராமல் இருந்திருந்தால். அந்த வாரமே வந்தார். சவரம் செய்யாத முகம்.

"அக்கா, உங்க மெஷின்ல கோளாறு இருக்குமா?" என்றார்.

இருக்காது என்றேன்.

"அப்போ இந்த டெஸ்ட்டுலதான் கோளாறு. வருசா வருசம் நல்லா இருக்குன்னு சொல்லிச்சு, ஆளு எலும்பெல்லாம் அரிச்சிருக்கு. இனிமே யாருக்கும் இத எழுத மாட்டேன். வர்றவங்ககிட்ட காச வீணாக்காதீங்கன்னு சொல்லிட்டேன்."

அவர் கிளினிக்குக்கு வருபவர்கள் பெரும்பாலும் துறைமுகத்திலும் கிடங்குகளிலும் உழைக்கும் ஆண்கள். வலி வந்தால் தவிர டாக்டர் வாசலை மிதிக்காதவர்கள். அவர்களில் சிலருக்கு இந்த ஒரு குழாய் ரத்தம்தான் கிடைக்கக்கூடிய ஒரே முன்னெச்சரிக்கை. ஒரு தட்டில் ஒரு மனிதருடைய கடைசி நாட்களின் நிம்மதி. மறு தட்டில் முகம் தெரியாத பல ஆண்களின் எலும்புகள். நியாயம் எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மாமாவின் முகத்துக்கு எதிரே அந்த நியாயத்தைத் தூக்கிப் பிடிக்கத்தான் கை வரவில்லை. அவரிடமே மறுபடி பேசுவது, அவர் வாயாலேயே சொல்ல வைப்பது என்று முடிவு செய்தேன். அதற்குள் வலி முற்றி அவரை மறுபடியும் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள்.

அங்கேயும் அவர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். தம்பி வார நாட்களில் மாலையில் வருவார். பெரியவரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி அத்தை மூலம் தகவல் அனுப்பியிருந்தார். அந்த ஞாயிறு பெரியவர் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்து, பழக்கத்தால் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். அப்போது வார்டு வாசலில் தம்பி தெரிந்தார், கையில் ஆரஞ்சுப் பையுடன்.

மாமாவின் முகத்தில் வலியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அச்சத்தை அன்றுதான் பார்த்தேன்.

"வா தம்பி, வா. லீவு நாள்ல ஏன் சிரமம்?" என்றார். குரல் உலர்ந்திருந்தது. பிறகு பெரியவர் பக்கம் தலையைத் திருப்பி, "இவரு... பிரிக்பீல்ட்ஸ்ல நம்ம பழைய சிநேகிதரு" என்றார்.

நாடியில் இருந்த பெரியவரின் விரல்கள் அசையவில்லை.

"வணக்கம் அங்கிள்" என்றார் தம்பி.

"வணக்கம். தம்பி என்ன பண்றீங்க?"

"கிள்ளான்ல கிளினிக் வச்சிருக்கேன். மாமாவ நாந்தான் பாக்குறேன்." யாரிடமாவது கொட்டிவிட வேண்டும் என்ற நிலையில் அவர் இருந்தார். "வருசா வருசம் ரத்தம் பாத்தேன் அங்கிள். ஒரு தடவைகூட விடல. எல்லாம் நல்லா இருக்குன்னுதான் வந்துச்சு. மாமாவுக்கு ஒரு தொந்தரவும் இல்ல, ஒரு மருந்தும் இல்ல, பிரஷர் மாத்திரையத் தவிர."

பெரியவர் மெதுவாக மாமாவைப் பார்த்தார். மாமா அவரைப் பார்த்துச் சிரித்தார். என் அம்மாவிடம் "இன்னும் இல்லம்மா" என்று சொல்லும்போது சிரிக்கும் அதே சிரிப்பு. பெரியவர் நாடியிலிருந்து விரல்களை எடுத்தார்.

மாமாதான் பேசினார்.

"ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு" என்றார்கள் இருவரும்.

சிறிது நேரத்தில் அவர்கள் கிளம்பினார்கள். வழியனுப்ப நானும் நடைபாதை வரை போனேன். மின்தூக்கிக்கு முன்னால் பெரியவர் நின்றார்.

"தம்பி, நில்லுங்க. நான் சிநேகிதன் இல்ல. சிநேகிதனும்தான். ஆனா நான் அவரோட டாக்டர்."

அந்த மாத்திரையின் பெயரைச் சொன்னார். எப்போதிருந்து கொடுத்தார் என்பதையும் சொன்னார். தம்பியின் உதடுகள் அசைந்தன. கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"அப்போ மூனு இல்ல" என்றார். "ஆறு."

"ரத்தம் நல்லா இருக்குன்னு என்கிட்டயும் சொன்னாரு" என்றார் பெரியவர். "யாரு பாத்தான்னு நானும் தோண்டிக் கேக்கல. பேப்பரக் கொண்டான்னு சொல்லியிருக்கணும்."

மின்தூக்கி வந்து திறந்து, யாரும் ஏறாமல் மூடிக்கொண்டது. பெரியவர் தம்பியின் முழங்கையைப் பிடித்துச் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தார். ஆரம்பத்திலேயே ஆறு என்று வாசித்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? உறுதியாகச் சொல்ல முடியாது. சதையெடுத்துச் சோதித்திருப்பார்கள், சில வருடங்களாவது கிடைத்திருக்கலாம். வாய்ப்பு என்ற ஒன்று அவருக்கு இருந்தது என்பது மட்டும் உறுதி. நான் அவர்களை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினேன்.

மாமா கண்ணை மூடாமல் காத்திருந்தார்.

"ரெண்டு பேரும் ஒன்னாவா போனாங்க?"

"ஆமா மாமா."

"என்ன பேசிக்கிட்டாங்க?"

அவர் கை போர்வையின் ஓரத்தைப் பிடித்திருந்தது. நான் சொல்ல வேண்டியது இனி ஒன்றும் பாக்கி இல்லை; சொல்ல வேண்டியவர்களுக்கு அது தெரிந்துவிட்டது.

"பெரியவரு தம்பிய வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாரு" என்றேன்.

"தம்பி வர்றேன்னானா?"

"வர்றேன்னாரு."

"நல்லது" என்றார். போர்வையின் ஓரத்தை விட்டார். நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவ்வளவு காலம் அதையே செய்துவந்தவர். ஆனால் பரிமாறியதை அவர் எந்த வீட்டிலும் மறுத்தவர் இல்லை.

அந்த மாதம் முடிவதற்குள் இறந்தார். கருமாதிச் சாப்பாட்டுக்கு இரண்டு டாக்டர்களும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். தம்பி அதிகம் உண்ணவில்லை. அவர் கிளினிக்கிலிருந்து எங்கள் கூடத்துக்கு மறுபடியும் ரத்தக் குழாய்கள் வரத் தொடங்கின.

"மருந்து ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று இப்போது நான் யாரிடமும் கேட்பதில்லை. "எந்தெந்த டாக்டர்கிட்ட போறீங்க?" என்று கேட்கிறேன். எதிரில் உட்கார்ந்திருக்கும் வயதான ஆண், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே, "ஒரே டாக்டர்தாம்மா, வேற யாரு இருக்கா?" என்கிறார். சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். ரப்பர் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டாமல், சிரிப்பு அடங்கும் வரை காத்திருக்கிறேன்.